குஞ்சு சேவலா? பெட்டையா?

பிறந்த அன்றே கண்டுபிடிக்கும் அதிசயம்!

திருவிழாக் கடைத்தெருவில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெட்டி நிறையக் கோழிக் குஞ்சுகள். பச்சை, சிவப்பு, ஊதா என்று பல நிறங்கள். குழந்தைகள் அடம் பிடித்து ஒன்றிரண்டு வாங்கிப் போவார்கள்.

அந்த நிறம் வெறும் சாயம். குஞ்சின் சொந்த நிறம் மஞ்சள்.

"பெரிதானதும் முட்டை இடும்" என்று ஆசையோடு வளர்ப்பார்கள். ஆனால் முட்டை கிடைக்காது. காரணம் என்ன? அவை பெரும்பாலும் சேவல் குஞ்சுகள்!

முட்டைப் பண்ணைகளுக்குப் பெட்டைகள் மட்டுமே தேவை. ஆகவே, குஞ்சு பொரித்த அன்றே சேவலையும் பெட்டையையும் பிரித்துவிடுகிறார்கள். வேண்டாம் என்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகளே சாயம் பூசித் தெருவுக்கு வருகின்றன.

பிறந்த குஞ்சுகள் எல்லாம் ஒன்று போலத்தானே இருக்கும்? எப்படிப் பிரிக்கிறார்கள்?

குண்டூசித் தலை அளவு

இதற்கு வழி கண்டவர்கள் ஜப்பானியர். கியோஷி மசுயி, ஜூரோ ஹஷிமோட்டோ என்ற விஞ்ஞானிகள் கோழிக் குஞ்சுகளை ஆராய்ந்தார்கள். குஞ்சின் கழிவுத் துவாரத்தை மெல்ல விரித்துப் பார்த்தால், சேவலுக்கு உள்ளே குண்டூசித் தலை அளவு புடைப்பு ஒன்று தெரியும்! 1927-ம் ஆண்டு கனடாவில், ஒட்டாவா நகரில் நடந்த உலகக் கோழி மாநாட்டில் இந்தச் செய்தி வெளியாயிற்று.

இது சுலபமான வேலை அல்ல. சில பெட்டைகளுக்கும் புடைப்பு இருக்கும். நீண்ட பயிற்சி வேண்டும். கைதேர்ந்த நிபுணர் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் குஞ்சுகள் வரை பிரித்துவிடுவார்!

வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள். கை அழுத்தினால் குஞ்சு செத்துவிடும்.

நிறமும் சொல்லும்

இங்கிலாந்து விஞ்ஞானி ரெஜினால்டு புன்னெட் வேறு வழி காட்டினார். தக்க ஜோடியைச் சேர்த்தால், குஞ்சின் நிறமே உண்மையைச் சொல்லிவிடும்!

உதாரணமாக, சிவப்பு நிறமுள்ள ரோடு ஐலண்டு சேவலையும், வெள்ளை நிறமுள்ள சஸ்ஸெக்ஸ் பெட்டையையும் சேர்க்கிறார்கள். சேவல் குஞ்சுகள் வெளிர் நிறமாகப் பிறக்கும். பெட்டைக் குஞ்சுகள் செம்பழுப்பாகப் பிறக்கும். தாயைப் போல மகன். தந்தையைப் போல மகள்!

சேவலின் கதி

முட்டைக்கென்று உண்டாக்கிய இனத்தில் சேவலுக்குச் சதை அதிகம் பிடிக்காது. தீனிச் செலவுக்குக் கட்டாது. அதனால் பல நாடுகளில் சேவல் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். இது பலர் மனத்தை உறுத்தியது. ஜெர்மனி 2022-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் இதற்குத் தடை விதித்தது. இப்போது முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா, பெண்ணா என்று பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன.

வீட்டுக் கோழிக்கு என்ன வழி?

முட்டையின் வடிவத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அது தவறு. நீளமோ, உருண்டையோ, வடிவத்துக்கும் குஞ்சுக்கும் சம்பந்தம் இல்லை.

நாட்டுக் கோழிக் குஞ்சு என்றால் பொறுமை வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் சேவலின் கொண்டை பெரிதாகிச் சிவக்கத் தொடங்கும். பெட்டையின் கொண்டை சிறிதாக, வெளிறி இருக்கும். மூன்று மாத அளவில் முதுகின் பின்பக்கத்தைப் பாருங்கள். இறகு நுனி கூராக இருந்தால் சேவல். வட்டமாக இருந்தால் பெட்டை.

குஞ்சு பிழைக்க வேண்டுமா?

தாய்க் கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் எதிரி குளிர். முதல் வாரம் 35 டிகிரி சென்டிகிரேடு சூடு தேவை. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். பெட்டியில் உமி பரப்பி, மேலே ஒரு மின்சார பல்பு தொங்கவிட்டால் போதும்.

சூடு சரியா என்பதைக் குஞ்சுகளே சொல்லும். ஒன்றன் மேல் ஒன்று நெருக்கினால் குளிர். விளக்கை விட்டு ஓடினால் வெப்பம் அதிகம். பரவலாகப் படுத்தால் சரி.

தண்ணீரை ஆழமில்லாத தட்டில் வையுங்கள். அதில் சில கூழாங்கற்களைப் போடுங்கள். இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து மூழ்கிவிடும். வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு முதல் வாரமே சொட்டு மருந்து உண்டு. கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள்.

அடுத்த திருவிழாவில் உங்கள் குழந்தை சாயக் குஞ்சுக்காக அழுதால், உண்மையைச் சொல்லுங்கள். வாங்கிவிட்டாலோ, கைவிடாமல் வளர்த்துவிடுங்கள். அது முட்டை இடாது. ஆனால் விடியற்காலையில் வீட்டாரை எழுப்பும்!