வீட்டுக்குள் வந்த கதிரியக்கம்

காற்றும் நாமும் – 7

1984 டிசம்பர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமெரிக் அணுமின் நிலையம் கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. ஊழியர்கள் மீது கதிரியக்கத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கருவிகளை வாசலில் நிறுவியிருந்தார்கள். ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் அவற்றைக் கடக்கும்போது எச்சரிக்கை மணி அடித்தது. அடுத்தடுத்த நாட்களிலும் அடித்தது. இத்தனைக்கும் அங்கே மின்னுற்பத்தியே தொடங்கவில்லை. ஒருநாள் காலையில் வேலைக்கு வந்தவர், உள்ளே போகாமல் நேராகக் கருவி வழியே நடந்து பார்த்தார். அப்போதும் மணி அடித்தது. கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

பாயர்டவுன் அருகிலிருந்த அந்த வீட்டின் காற்றைச் சோதித்தார்கள். லிட்டருக்குச் சுமார் 2,700 பிக்கோகியூரி ரேடான்! அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பின்னர் வகுத்த வரம்பு வெறும் 4. வாட்ரஸ் மனைவி மக்களோடு வீட்டைக் காலி செய்தார். சீரமைத்து முடிக்கவே மாதங்கள் ஆயின.

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதையும்போது ரேடான் பிறக்கிறது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெட்டவெளியில் கலைந்துவிடும். பனிக்காலத்திலோ ஜன்னல்களை அடைத்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். சூடான காற்று மேலேறி வெளியேற, வீடே ஒரு புகைபோக்கியாகி, பேஸ்மென்ட் தரையின் விரிசல்கள் வழியே மண்ணிலுள்ள வாயுவை இழுக்கிறது. ரேடான் சிதைந்து உண்டாகும் துகள்கள் நுரையீரலில் தங்கி ஆல்ஃபா கதிர்களை வீசுகின்றன. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் இதனால் நுரையீரல் புற்றுநோய் வந்து இறப்பதாக அந்த முகமை மதிப்பிடுகிறது. புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு.

பாயர்டவுன் பகுதியின் அடியில் ஓடும் ‘ரீடிங் ப்ராங்’ பாறைத்தொடரில் யுரேனியம் அதிகம். அது நியூ ஜெர்சி, நியூயார்க் மாநிலங்களுக்குள்ளும் நீள்கிறது. ஆனாலும் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில்கூட ரேடான் அளவு பெரிதும் வேறுபடும். பக்கத்து வீட்டு முடிவை நம்பி யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

சோதனை எளிது. கரித்தூள் அடைத்த சிறு டப்பாவைக் கடையில் வாங்கலாம். 12 மணி நேரம் முன்பே ஜன்னல்களை மூடிவிட்டு, புழங்கும் அறைகளில் ஆகக் கீழே இருப்பதில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் டப்பாவைத் திறந்து வைக்க வேண்டும். சமையலறையும் குளியலறையும் வேண்டாம். இரண்டு நாள் கழித்தோ, உறையில் குறிப்பிட்ட கெடு முடிந்ததுமோ மூடி, தாமதிக்காமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரேடானில் பாதி நான்கு நாட்களுக்குள் சிதைந்துவிடும் என்பதால்தான் இந்த அவசரம்.

அளவு கூடுதலாக இருந்தாலும் வீட்டை விற்க வேண்டியதில்லை. கான்கிரீட் தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, இரவும் பகலும் ஓடும் மின்விசிறியால் வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேலே வெளியேற்றுகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அளவு வரம்புக்குக் கீழே இறங்கிவிடும்.

பென்சில்வேனியாவிலும் நியூ ஜெர்சியிலும் நம்மவர்கள் ஏராளமாக வீடு வாங்குகிறார்கள். பேஸ்மென்டைப் பிள்ளைகள் படிக்கும் அறையாகவும், ஊரிலிருந்து வரும் பெற்றோர் தங்கும் அறையாகவும் ஆக்குகிறார்கள். உங்கள் மகனோ மகளோ அங்கே வீடு பார்ப்பதாகச் சொன்னால், விலையை விசாரிக்கும் முன் ரேடான் சோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். குடியேறி ஆண்டுகள் ஆகியிருந்தாலும் இந்தப் பனிக்காலத்திலேயே ஒருமுறை சோதித்துவிடச் சொல்லுங்கள்.

(தொடரும்)