பழைய அறிவியற் கருவிகளைத் திரட்டுவோம்

பழைய நாணயங்களைத் திரட்டுவோர் உண்டு. தபால்தலைகளைத் திரட்டுவோரும் உண்டு. ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த பெரியோர்களை நாம் இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால், பழைய அறிவியற் கருவிகளைத் திரட்டிப் பேணுவோர் நம்மிடையே மிகச் சிலரே. இயற்பியல் ஆய்வுக்கூடத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், இதுபற்றி நான் அறிந்தவற்றை மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பணியில் சேர்ந்த புதிதில், கருவி அறையின் மேல்தட்டில் டேஞ்சன்ட் கால்வனாமீட்டர் ஒன்று தூசு படிந்து கிடந்தது. பித்தளை வளையம் கறுத்திருந்தது. ஆர்வ மிகுதியால் அதைக் கழற்றி, வீட்டில் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆயிற்று. எல்லோரும் பாராட்டினார்கள். அனுபவம் மிக்க ஆய்வக உதவியாளர் ஒருவர் மட்டும் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "செய்தவர் பேர் இருந்ததே, சார்! எங்கே போச்சு?" என்றார். வளையத்தின் விளிம்பில் மெல்லிதாகப் பொறித்திருந்த பெயரும் ஊரும் என் கைவண்ணத்தில் தேய்ந்து போயிருந்தன. அந்தக் கருவி எங்கே பிறந்தது, யார் கையால் பிறந்தது என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது. அன்று தொடங்கியதுதான் இந்தத் துறையில் என் கல்வி.

கருவிகள் பேசும் மொழி

பழைய கருவி வெறும் பித்தளையன்று. அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு காரணத்தைச் சொல்லும். மேலே சொன்ன டேஞ்சன்ட் கால்வனாமீட்டரையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு அறிஞர் பூயே 1837-ஆம் ஆண்டில் இதன் தத்துவத்தைப் பயன்படுத்தி மின்னோட்டத்தை அளந்தார். செங்குத்தான கம்பிச்சுருளின் நடுவில் ஒரு சிறு காந்த ஊசி. சுருளை முதலில் புவியின் காந்தத் துருவத் தளத்தில் நிறுத்தவேண்டும். மின்னோட்டம் பாய்ந்ததும் ஊசி விலகும். விலகிய கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்பு மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே, அளப்பதற்குப் புவியே துணை நிற்கிறது எனலாம். இக்கருவியில் இரும்பு ஆணி ஒன்றுகூட இராது. இருந்தால் ஊசி தடுமாறும். மரமும் பித்தளையும் கொண்டு இதைச் செய்தது அழகுக்காக அன்று. குறிமுள்ளுக்குக் கீழே ஒரு கண்ணாடி இருக்கும். முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரியும்படி நோக்கிப் படித்தால் பார்வைப் பிழை நீங்கும்.

இன்னொன்று, மாணவர்கள் பெயரைக் கேட்டவுடன் சிரிக்கும் 'போஸ்ட் ஆபீஸ் பெட்டி'. தபால் நிலையத்துக்கும் இயற்பியலுக்கும் என்ன தொடர்பு? தந்திக் கம்பிகளின் மின்தடையை அளந்து, பழுது எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் கணக்கிட இங்கிலாந்தின் தபால் தந்தித் துறை பயன்படுத்திய பெட்டி அது. அதனுள் இருப்பது வீட்ஸ்டன் சமனச் சுற்றே. அதையும் முதலில் 1833-இல் கண்டவர் கிறிஸ்டி என்பவர். 1843-இல் வீட்ஸ்டன் அதைப் பலரறியச் செய்தார். பெயரும் அவருக்கே நிலைத்துவிட்டது. ஒரு பெட்டியைத் திறந்தால் இத்தனை வரலாறு வெளிவருகிறது!

நம் மண்ணில் இருந்த கருவிகள்

ஒரு தனிமனிதரின் கருவித் திரட்டு எவ்வளவு பெரிதாக வளரக்கூடும் என்பதற்குச் சென்னையே சான்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியான வில்லியம் பெட்ரி என்பவர் 1786-இல் எழும்பூரில் தம் சொந்த வானாய்வுக்கூடத்தை அமைத்தார். தொலைநோக்கிகளும் வானியற் கடிகாரங்களும் அதில் இருந்தன. பின்னர் அவர் அவற்றை அரசுக்கு அளித்தார். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வுக்கூடம் எழுந்தது. கருவியைத் தாங்குவதற்கு அங்கே நிறுத்திய கருங்கல் தூணில் தமிழ் எழுத்துகளையும் பொறித்தனர். அக்கூடத்தின் பணி பிற்காலத்தில் கொடைக்கானலுக்கு மாறியது.

மற்றொரு வரலாறு இதைவிடச் சுவையானது. வில்லியம் லாம்டன் 1802-இல் பரங்கிமலையை அடுத்து அடிக்கோடு அளந்து மாபெரும் நில அளவையைத் தொடங்கினார். அதற்கு அவர் பயன்படுத்திய நூறடி எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாக ஆங்கிலேயத் தூதுக்குழு கொண்டுசென்ற பொருள்களுள் ஒன்று. அங்கே ஏற்கப்படாமல் கல்கத்தா வந்து, பின்பு லாம்டன் கைக்குச் சேர்ந்தது. அவருடைய பெரிய தியோடலைட் இலண்டனில் கேரி என்பவர் செய்தது. எடை ஏறத்தாழ அரை டன். கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மொரீசியசுக்குப் போய், அவர்களின் பெருந்தன்மையால் சென்னை வந்தது.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே அதை ஏற்றியபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி அதன் பெருவட்டம் நெளிந்துவிட்டது. வேறொருவராயின் மனமொடிந்து போயிருப்பார். லாம்டன் ஒரு பெரிய பலகையில் சரியான அளவில் வட்டம் வரைந்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு நெளிந்த விளிம்பைச் சிறிது சிறிதாக அவ்வட்டத்துக்கு இழுத்தார். ஆரங்களை மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரத்தில் கருவி ஏறத்தாழப் பழைய நிலையை அடைந்தது. அளவை தொடர்ந்தது. கருவியின் மேல் உள்ள தழும்பும் வரலாறே என்பதை இதிலிருந்து நான் கற்றேன்.

திரட்டியோர் இருவர்

இங்கிலாந்தில் லூயிஸ் இவான்ஸ் என்பவர் சூரியக் கடிகாரங்களையும் அஸ்ட்ரோலேப் எனும் வானளவைக் கருவிகளையும் திரட்டி ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். அதுவே அங்குள்ள அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வித்து. கருவித் தொழிலிலேயே ஈடுபட்டிருந்த இராபர்ட் விப்பிள் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளை 1944-இல் கேம்பிரிட்ஜுக்கு அளித்தார். தொழிலறிந்த அவருடைய திரட்டிலேயே சில போலிகள் கலந்திருந்தமை பின்னாளில் தெரியவந்தது. அவரே ஏமாந்தார் என்றால் நாம் எம்மாத்திரம்! இன்று கடைவீதிகளில் புதுப் பித்தளையில் செய்து, பழைய ஆண்டையும் இலண்டன் பெயரையும் பொறித்து விற்கும் திசைகாட்டிகள் ஏராளம்.

போலியைக் காண ஒரு வழி, கோடுகளைப் பார்ப்பது. அளப்பதற்காகச் செய்த கருவியில் அளவுக்கோடுகள் மெல்லியவையாய், சம இடைவெளியுடன் இருக்கும். ஜெஸ்ஸி ராம்ஸ்டன் என்னும் இலண்டன் கைவினைஞர் வட்டங்களைத் துல்லியமாகப் பகுக்கும் பொறியை அமைத்தார். அதன் விளக்கம் 1777-இல் நூலாக வெளிவந்தது. அதன்பின் சிறிய செக்ஸ்டன்ட் கருவிகூட நம்பத்தக்கதாயிற்று. போலியிலோ கோடுகள் தடித்து, வெர்னியர் அளவுகோல் முதன்மை அளவுகோலோடு பொருந்தாமல் நிற்கும். அளந்து பார்த்தால் பொய் வெளிப்பட்டுவிடும்.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

முதலாவது, பித்தளையைத் துலக்காதீர்கள். பழைய கருவிகளின் பொன்னிறம் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசியதால் வந்தது. அது போனால் மீளாது. உலர்ந்த மென்துணியும் மென்தூரிகையும் போதும். இரண்டாவது, பாதரசம் உள்ள காற்றழுத்தமானி, வெப்பமானி முதலியவற்றைத் திறக்கவோ சாய்த்துத் தூக்கவோ கூடாது. பாதரச ஆவி நஞ்சு. மூன்றாவது, உடைந்த உறுப்பை எறியாதீர்கள். சிறு பெட்டியிலிட்டுக் கருவியுடனே வையுங்கள். நான்காவது, பெயர், எண், அளவு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். குறிப்பில்லாத கருவி ஊமை.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடன் முற்கால அறிவியலை விளக்கும் பொருளும் தொல்பொருளே. அவற்றை விற்கும் தொழில் செய்வோர் உரிமம் பெறவேண்டும். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப இயலாது.

இங்கு ஓர் ஐயம் எழும். கல்லூரிக் கருவியை ஒருவர் தம் வீட்டுக்கு எடுத்துச்சென்று காப்பாற்றலாமா? கூடாது. அரசுப் பொருள் அரசுப் பொருளே. அன்றியும், எந்த மேசையில் எத்தனை தலைமுறை மாணவர்கள் அதைத் தொட்டுப் பயின்றனர் என்பதுதான் அதன் பெருமை. இடம் பெயர்ந்தால் அதில் பாதி போய்விடும்.

ஆனால், அங்கேயே இருப்பதாலும் அது காப்பாற்றப்பட்டுவிடுவதில்லை. ஓரிடத்தில் கழிவுப்பொருள் ஏலத்தன்று சென்றிருந்தேன். நிறமாலைமானி ஒன்றின் தொலைநோக்கிக் குழாயும் வட்டத்தட்டும் தராசில் ஏறின. கிலோவுக்கு இவ்வளவு என்று விலை சொன்னார்கள். மரப்பெட்டி விறகுக்குப் போயிற்று. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, விதிப்படியே நடந்தது. 'பயன்படாது' என்று பட்டியலில் எழுதிய கைக்கு அது என்னவென்று தெரியவில்லை, அவ்வளவே. சொல்லவேண்டிய நானும் காலம் கடந்து போய்ச் சேர்ந்தேன்.

மாணவ நண்பர்களே! நம் கருவி அறையிலும் கழிக்கவேண்டிய பொருள்களின் பட்டியல் ஆண்டுதோறும் தயாராகிறது. அதற்கு முன் உங்களில் நால்வர் ஒரு பிற்பகல் வந்து, ஒவ்வொரு பழங்கருவியையும் பார்த்து, அதன் பெயரையும் செய்தவரையும் பயனையும் ஒரு பதிவேட்டில் எழுதித் தந்தால் போதும். இருப்புப் பதிவேடுகளை நான் எடுத்து வைக்கிறேன். துறைத் தாழ்வாரத்தில் பழைய அலமாரி ஒன்றும் காலியாக இருக்கிறது. அதன் முதல் தட்டில், பெயரிழந்த அந்தக் கால்வனாமீட்டரை, அதற்கு நேர்ந்ததை எழுதிய அட்டையோடு, நானே வைக்கிறேன். அடுத்த தட்டை நீங்கள் நிரப்புங்கள்.