சோறும் பருப்பும்

பருப்பை ‘ஏழைகளின் இறைச்சி’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அச்சொல்லில் பாதி உண்மையே உண்டு. மீதிப் பாதியை நிரப்புவது சோறு. எவ்வாறெனப் பார்ப்போம்.

நாம் உண்ணும் புரதம் சமிபாட்டின்போது அமினோ அமிலங்களாகப் பிரிகின்றது. எமது உடற்புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் 9 வகையை உணவிலிருந்தே பெற வேண்டும். லைசினும் மெதியோனினும் அந்த ஒன்பதில் அடங்குவன.

இவ்விரண்டும் வேறு வேறு குணமுடையவை. 1889இல் பாற்புரதத்திலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட லைசினின் பக்கச் சங்கிலியில் நைதரசன் உண்டு. எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் இழைகளைப் பிணைக்க இது உதவுகின்றது. மெதியோனினில் இருப்பதோ கந்தகம். முடியிலும் நகத்திலும் மிகுந்துள்ள சிஸ்டீனை உடல் இதிலிருந்து ஆக்கிக்கொள்கின்றது.

அரிசியில் லைசின் குறைவு, மெதியோனின் போதியளவு உண்டு. பருப்பிலும் பயறிலும் லைசின் தாராளம், மெதியோனின் குறைவு. பத்துச் சட்டைக்குத் துணியிருந்தும் ஆறு சட்டைக்கே நூலிருந்தால் ஆறுதானே தைக்கலாம்? உடலின் நிலையும் அதுவே. மிஞ்சியதை அது சேமித்து வைப்பதில்லை, எரித்துவிடுகின்றது.

50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் லைசின் தேவை. 300 கிராம் அரிசி அதில் ஏறத்தாழ பாதியையே தரும். 50 கிராம் பருப்பு சேர்ந்தால் குறை தீரும். இரண்டையும் ஒரே வேளையில் உண்ண வேண்டுமென்பதுமில்லை. ஒரே நாளில் உண்டாலும் போதும்.

மீன், முட்டை, இறைச்சி, பால் ஆகியவற்றில் இரண்டுமே உண்டு. அவற்றை வாங்க வசதியற்ற வீடுகளில்தான் இக்கணக்கு முக்கியமாகின்றது. அங்கும் எல்லோரும் உண்டபின் சட்டியில் எஞ்சிய ஆணத்தோடு சோறுண்டு எழுபவள் பெரும்பாலும் தாயே. அவள் கர்ப்பிணியாகவோ பாலூட்டுபவளாகவோ இருந்தால் தேவை இன்னும் அதிகம். பால்குடி மறக்கும் குழந்தைக்குச் சீனியிட்ட வெறுங்கஞ்சி கொடுப்பதும் இத்தகைய குறையே.

சகோதரிகளே! நோன்புக் கஞ்சியில் அரிசியோடு பயறு சேர்ப்பது எமக்குப் பழக்கமானதுதான். மற்ற மாதங்களிலும் குழந்தையின் கஞ்சியில் ஒரு பிடி பயற்றை அவித்து மசித்துச் சேருங்கள். ஆணத்தைப் பங்கிடும்போது அடியிலுள்ள பருப்பில் ஓர் அகப்பையை உங்களுக்கும் எடுத்து வையுங்கள். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை வைத்தியரிடம் கேட்டறிந்து கொள்ளவும்.