அளவிடையும் அலகும்: கணினி வரைபடக் கோப்பைத் திருத்துதல்

மாணவர்களே, "அறையின் நீளம் 12" என்று எழுதினால் அது விடையாகாது. 12 அடியா, 12 மீற்றரா? பரீட்சையில் அலகை விட்டால் ஒரு புள்ளி போகும். வீட்டு வரைபடத்தில் அலகு பிழைத்தால் காணிக் கணக்கே பிழைக்கும்.

ஆட்டோகேட் போன்ற வரைதல் மென்பொருள்கள் கோடுகளின் நீளத்தை வெறும் எண்ணாகவே சேமிக்கின்றன. அந்த எண் அடியைக் குறிக்கிறதா, மில்லிமீற்றரைக் குறிக்கிறதா என்பதை வரைபவரே தீர்மானிக்கிறார். கோப்பில் அது ஒரு சிறு அமைப்பாக மட்டுமே இருக்கும். அவ்வமைப்பு தவறாக இருக்கும் ஒரு கோப்பை மற்றொன்றினுள் சேர்த்தால், 12 அடி அறை 12 மில்லிமீற்றராகச் சுருங்கிப் புள்ளிபோலத் தெரியும். இத்தகைய பிழைக்குப் பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. 1999இல் அமெரிக்காவின் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் அழிந்தது, ஒரு மென்பொருள் இறாத்தல் அலகில் தந்த பெறுமானத்தை மற்றொன்று நியூற்றன் அலகாக எடுத்துக்கொண்டதால்தான்.

நம் மலையகத்தில் இப்பிழைக்கு இடம் அதிகம். காணியைப் பேர்ச்சஸில் பேசுகிறோம், வீட்டைச் சதுர அடியில் பேசுகிறோம், பாடநூலிலோ மீற்றர். லயன் அறை என்றால் 10 அடிக்கு 12 அடி என்பதே வழக்கம். பழைய காணிப் படங்களில் 66 அடி கொண்ட சங்கிலி அளவும் வரும். ஓரங்குலப் படத்தின் வகைக்குறிப் பின்னம் 1:63,360. அதன் பின் வந்த மெற்றிக் படத்தில் 1:50,000.

இனித் திருத்தும் முறை. முதலில், உண்மை நீளம் ஐயமின்றித் தெரிந்த ஒன்றைப் படத்தில் தெரிவு செய்க. கதவை விட நீண்ட சுவர் நல்லது. நீளம் கூடும்போது அளத்தற் பிழையின் பங்கு குறையும். மென்பொருளின் அளக்கும் கட்டளையால் அதனை அளந்து பின்வருமாறு கணிக்க:

திருத்தக் காரணி = உண்மை நீளம் ÷ கோப்பு காட்டும் நீளம்

12 அடி என்பது 3657.6 மில்லிமீற்றர். கோப்பு 12 எனக் காட்டினால் காரணி 304.8, ஆகவே படம் அடியில் வரையப்பட்டுள்ளது. 144 எனக் காட்டினால் காரணி 25.4, அதாவது அங்குலம். 3.6576 எனக் காட்டினால் காரணி 1000, அதாவது மீற்றர். முழுப் படத்தையும் தெரிவு செய்து, அக்காரணியால் ஒரே தடவையில் பெருப்பிக்க வேண்டும். பின்னர் வேறொரு சுவரை அளந்து சரிபார்க்க. அலகின் பெயரை மட்டும் மாற்றினால் ஏற்கெனவே வரைந்த கோடுகள் மாறமாட்டா. பரிமாண எண்ணை அழித்து வேறெண் தட்டுவதோ நோயை விட்டுவிட்டு வெப்பமானியைத் திருத்துவது போன்றது!

பரப்பளவில்தான் பலர் சறுக்குகின்றனர். நீளத்தின் காரணியை வர்க்கித்தே பரப்பளவுக்குப் பயன்படுத்த வேண்டும். 2015இற்குப் பின்னரான தோட்ட வீடமைப்பில் பேசப்பட்ட 7 பேர்ச்சஸ் காணியை எடுப்போம். 1 பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. எனவே 7 பேர்ச்சஸ் 1905.75 சதுர அடி. இதனை 0.3048இன் வர்க்கத்தால் பெருக்கினால் 177.05 சதுர மீற்றர். வர்க்கிக்க மறந்து 0.3048ஆல் மட்டும் பெருக்கினால் 580.87 வரும். அது ஏறத்தாழ 23 பேர்ச்சஸ்! ஒரு குடும்பத்தின் காணி தாளில் மூன்று மடங்குக்கு மேலாகிவிடும். அதை நம்பி வீடு, கழிவறை, தோட்டம் என வரைந்தால், நிலத்தில் எல்லைக்கல் வேறு கதை சொல்லும்.

ஹற்றன், நுவரெலியாப் பகுதி மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க. காணிப் படம் கிடைத் தூரத்தையே காட்டும், சரிவின் நீளத்தையன்று. சரிவின் மேல் நாடாவை விரித்து 20 மீற்றர் அளந்தீர்கள், இரு முனைகளுக்கும் உயர வேறுபாடு 12 மீற்றர் எனின், பைதகரசின்படி கிடைத் தூரம் 16 மீற்றரே. 20ஐ வைத்துக் காரணி கண்டால் அலகு சரியாக இருந்தும் படம் பிழைக்கும். சமதரையில் வாழ்பவருக்கு இத்தொல்லை குறைவு.

ஒளிப்பிரதி எடுத்த படத்தை வருடிக் கணினியில் ஏற்றும்போது, ஓரத்தில் அச்சிட்ட 1:100 என்பதை நம்ப வேண்டாம். பிரதி சிறுத்திருந்தால் அவ்விகிதம் பொய்யாகும். கோட்டு அளவிடை படத்தோடு சேர்ந்தே சிறுப்பதால் அதனை நம்பலாம்.

பயிற்சி: 550 சதுர அடி வீடொன்றின் படம் அடியில் வரையப்பட்டு, மீற்றர்க் கோப்பொன்றினுள் சேர்க்கப்பட்டுள்ளது. நீளத்துக்கான திருத்தக் காரணி யாது? வீட்டின் பரப்பளவு எத்தனை சதுர மீற்றர்? (விடை: 0.3048, ஏறத்தாழ 51.1)