மஞ்சள் குஞ்சம் வைத்த தலைக்கவசம்!
பழைய பட்டாளத்து உடைகளைத் தேடி அலையும் அமெரிக்கர்கள்

கருநீலக் கம்பளிக் கோட்டு. அதன் கழுத்துப் பட்டையிலும் கை நுனியிலும் மஞ்சள் துணி. நெஞ்சில் ஒரே வரிசையாகப் பித்தளைப் பொத்தான்கள். தலையில் கறுப்புக் கவசம். அதன் உச்சியில், குதிரை மயிரால் செய்த மஞ்சள் குஞ்சம்!

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன், அமெரிக்கக் குதிரைப்படைச் சிப்பாய் அணிவகுப்பில் நின்ற கோலம் இது.

இந்த உடைகளைத் தேடிப் பிடித்து வாங்கிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவில் உண்டு. ஏலத்துக்குப் போகிறார்கள். பழம்பொருள் கடைகளில் துருவித் தேடுகிறார்கள். பூச்சி அரித்த கோட்டுக்கும் பணத்தை எண்ணி வைக்கிறார்கள்.

பழந்துணிக்கு இத்தனை மதிப்பா? காரணம் இருக்கிறது.

எல்லையில் பட்டாளம்

அமெரிக்காவில் 1865-ம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிந்தது. அதன் பிறகு வெள்ளையர்கள் கூட்டம் கூட்டமாக மேற்கே குடியேறினார்கள். அங்கே காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடி மக்கள் தங்கள் மண்ணுக்காக எதிர்த்து நின்றார்கள். கதைகளில் "செவ்விந்தியர்" என்று சொல்லப்பட்டவர்கள் இவர்களே. இவர்களை அடக்கக் குதிரைப்படை அனுப்பப்பட்டது. இந்தச் சண்டை சுமார் 25 ஆண்டுகள் நீடித்தது.

1872-ம் ஆண்டில் பட்டாளத்துக்குப் புது உடை வந்தது. ஐரோப்பியப் பட்டாளங்களைப் பார்த்துச் செய்த உடை. மஞ்சள் என்றால் குதிரைப்படை. சிவப்பு என்றால் பீரங்கிப்படை. சார்ஜண்டின் கால்சட்டையில் அகலமான மஞ்சள் பட்டை. கார்ப்பொரலுக்குக் குறுகிய பட்டை. சாதாரணச் சிப்பாய்க்குப் பட்டையே கிடையாது!

அந்தச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர். உடைக்குத் தனிப்படி உண்டு. அதற்கு மேல் துணி வாங்கினால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

கறுப்பினச் சிப்பாய்களைக் கொண்ட 9-வது, 10-வது குதிரைப்படைகள் 1866-ல் அமைக்கப்பட்டன. அவர்களும் இதே உடையை அணிந்தார்கள்.

சண்டைக்குப் போகாத உடை!

ஆனால், இந்த அலங்கார உடையில் யாரும் சண்டைக்குப் போகவில்லை!

1876 ஜூன் 25-ந் தேதி லிட்டில் பிக்ஹார்ன் என்ற ஆற்றங்கரையில் பெரிய சண்டை நடந்தது. தளபதி கஸ்டரும், அவரோடு நின்ற சுமார் 210 பேரும் மாண்டார்கள். லகோட்டா, ஷையன் மக்கள் வென்றார்கள். அன்று சிப்பாய்களின் தலையில் மஞ்சள் குஞ்சம் இல்லை. பட்டாளத்தின் வாள்களைக்கூட வழியிலேயே பெட்டியில் போட்டு விட்டுப் போயிருந்தார்கள். வெயில் தாங்காமல், வியாபாரியிடம் வைக்கோல் தொப்பி வாங்கிப் போட்டிருந்தவர்களும் உண்டு.

அணிவகுப்புக் கோட்டு பெட்டியிலேயே இருந்தது. அதனால் பிழைத்தது. அன்றாடம் போட்ட கம்பளிச் சட்டையோ வியர்வையிலும் புழுதியிலும் நைந்து கந்தலாகிப் போயிற்று. இன்று அலங்காரக் கோட்டாவது கிடைக்கும். சாதாரணச் சட்டை கிடைப்பதுதான் அரிது. விவரம் தெரிந்தவர்கள் தேடுவது அந்தச் சட்டையைத்தான்!

தீவில் ஒரு கிட்டங்கி

1902-ல் உடை விதி மறுபடியும் மாறியது. தலைக்கவசம் ஒழிந்தது. மிஞ்சிய பழைய சரக்கெல்லாம் எங்கே போயிற்று?

நியூயார்க்கில் பிரான்சிஸ் பானர்மன் என்ற வியாபாரி இருந்தார். பட்டாளம் கழித்துப் போட்ட பொருள்களை மொத்தமாக வாங்கி விற்பது அவர் தொழில். 1900-ல் ஹட்சன் ஆற்றின் நடுவே ஒரு தீவையே வாங்கினார். அங்கே கோட்டை போன்ற கிட்டங்கி கட்டினார். படம் போட்ட தடித்த விலைப் புத்தகமும் வெளியிட்டார். பழைய பட்டாளப் பொருள் சேர்க்கும் பழக்கம் பரவ அவர் வியாபாரமும் ஒரு காரணம்.

பிறகு சினிமா வந்தது. ஜான் வேன் நடித்த படங்களில் குதிரைப்படைச் சிப்பாய்கள் கழுத்தில் மஞ்சள் கைக்குட்டை கட்டியிருப்பார்கள். அது சர்க்கார் கொடுத்த உடை அல்ல. சினிமா பரப்பிய வழக்கம்!

போலியைப் பிடிப்பது எப்படி?

விலை ஏறினால் போலியும் வரும். அதைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு.

பொத்தானைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வாட்டர்பரி ஊர் ஸ்கோவில், பிலடெல்பியா ஊர் ஹார்ஸ்ட்மன் போன்ற கம்பெனிகளின் பெயர் பின்புறம் பொறித்திருக்கும். குதிரைப்படை அதிகாரியின் பொத்தானில், கழுகின் மார்பில் "சி" என்ற ஆங்கில எழுத்து இருக்கும்.

இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுவது இன்னொரு சோதனை. இக்கால நூல் பெரும்பாலும் பளிச்சென்று நீலமாக ஒளிரும். பழைய நூல் மங்கிக் கிடக்கும். ஆனால் அவசரப்படக் கூடாது. இக்காலச் சோப்புத் தூளில் துவைத்த பழைய துணியும் ஒளிரும்!

வாங்கினால் போதாது, காப்பாற்ற வேண்டும். துவைக்கக் கூடாது. வெயில் படக் கூடாது. கம்பியில் மாட்டித் தொங்கவிட்டால் தோள் கிழியும். பட்டுப் புடவையைப் போல அவ்வப்போது மடிப்பு மாற்றி வைக்க வேண்டும். அந்துப்பூச்சி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. போர்க்களத்தில் தோண்டி எடுப்பது குற்றம். சர்க்கார் நிலத்தில் அனுமதியின்றித் தோண்டிப் பழம்பொருள் எடுப்பதைத் தடுக்க 1979-ல் தனிச் சட்டமே வந்தது.

திரும்பிப் போன சட்டை

அந்தக் காலத்தின் இன்னொரு சட்டைக்கும் கதை உண்டு.

1890 டிசம்பர் 29-ந் தேதி, ஊண்டட் நீ என்ற இடத்தில் குதிரைப்படை சுட்டதில் 250-க்கும் மேற்பட்ட லகோட்டா மக்கள் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் அடக்கம். தெய்வ சக்தியுள்ள சட்டை, குண்டு துளைக்காது என்று நம்பி அணிந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு சட்டை, 1892-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் குண்டு துளைத்த ஓட்டைகள் இருந்தன.

லகோட்டா மக்கள் அதைத் திருப்பிக் கேட்டார்கள். ஊரெல்லாம் விவாதம் நடந்தது. 1999-ல் கிளாஸ்கோ நகரசபை அதைத் திருப்பிக் கொடுத்தது.

மஞ்சள் குஞ்சம் வைத்த கவசத்தைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். 13 டாலருக்கு உயிரைப் பணயம் வைத்த சிப்பாய் ஒரு பக்கம். மண்ணையும் மக்களையும் இழந்தவர்கள் மறுபக்கம். இரு பக்கத்துக் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பெட்டிக்கு மதிப்பு!