மீன் தொட்டி தானம் கொடுக்கப் போறீங்களா? முதல்ல இதைக் கவனிங்க!

திண்டுக்கல்:

பிறந்த நாள், கல்யாண நாள், தலைவர் பிறந்த நாள் வந்தால் ஆதரவற்றோர் இல்லத்தில் ஒருவேளை சாப்பாடு போடுவது நம்ம ஊர்ப் பக்கம் வழக்கம். வண்ண மீன் வளர்க்கும் நண்பர்கள் குழு, சங்கம் என்று இருப்பவர்களுக்கு இன்னொரு ஆசையும் வரும். நமக்குத் தெரிந்தது மீன், அதையே ஒரு முதியோர் இல்லத்துக்கோ குழந்தைகள் காப்பகத்துக்கோ கொடுத்தால் என்ன என்பதுதான் அந்த ஆசை.

நல்ல எண்ணம்தான். ஆனால் சாப்பாடு போடுவது ஒரு நாள் வேலை, மீன் தொட்டி தினசரி வேலை. தொட்டியை வைத்து, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துவிட்டு வந்துவிட்டால் சில வாரத்திலேயே மீன்கள் செத்து மிதக்கும். அதைக் காலையில் முதலில் பார்ப்பது அந்த இல்லத்துப் பிள்ளையும் பாட்டியும்தான். ஏற்கெனவே உறவை இழந்து வந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மீனைப் பார்த்தால் பசிக்குமா?

மீன் தொட்டி வெறும் அலங்காரப் பொருள் இல்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்சி எட்வர்ட்ஸ், ஆலன் பெக் இருவரும் 2002ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அல்சைமர் என்ற மறதி நோய் பாதித்த 62 முதியவர்கள் இருந்த இல்லங்களில், சாப்பாட்டு அறையில் மீன் தொட்டி வைத்துப் பார்த்தார்கள்.

சாப்பிட உட்காராமல் எழுந்து அலைபவர்கள் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோர்ந்து தூங்கி வழிபவர்கள் விழித்திருந்து சாப்பிட்டார்கள். 16 வாரத்தில் எடை சராசரியாக முக்கால் கிலோ வரை கூடியது. சத்து பானம், மாவு என்று தனியாகக் கொடுப்பதும் குறைந்தது.

இங்கிலாந்தில் பிளைமவுத் நகர மீன் காட்சியகத்திலும் ஓர் ஆய்வு நடந்தது. பெரிய தொட்டியை வேடிக்கை பார்த்தவர்களுக்கு ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் குறைந்ததாக 2015ல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். இதனால் நோய் தீரும் என்று யாரும் சொல்லவில்லை. மனசு கொஞ்சம் அமைதியாகும், அவ்வளவுதான்.

இதிலிருந்து தெரிவது ஒன்று. தொட்டியை ஆபீஸ் ரூமில் வைத்தால் பயன் இல்லை. சாப்பிடும் இடத்தில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும் உயரத்தில் வைக்கணும்.

தானம் புதுசு இல்லை

மீனுக்காகத் தானம் கொடுப்பது நம் நாட்டுக்குப் புதுசு இல்லை. மும்பையில் 1951ல் திறந்த தாராபோரேவாலா மீன் காட்சியகத்துக்கு, 2 லட்சம் ரூபாய் கொடுத்த பார்சி தனவந்தரின் பெயரைத்தான் வைத்தார்கள். அதற்கும் முன்பே, 1909ல் சென்னை மெரினாவில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது.

தர்ம காரியத்தில் திண்டுக்கல்லும் குறைந்தது இல்லை. டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947ல் தொடங்கிய காந்திகிராமம் இங்கேதான் இருக்கிறது. கொடுக்கிற கைக்குப் பஞ்சம் இல்லாத ஊர். கொடுத்த பிறகு கவனிப்பதுதான் முக்கியம்.

தண்ணீரில்தான் சிக்கல்

திண்டுக்கல்லுக்குக் குடிநீர் ஆத்தூர் காமராஜர் அணையில் இருந்தும், பேரணையில் இருந்தும், காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இருந்தும் வருகிறது. குழாயில் வரும் இந்தத் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். நமக்கு அது பாதுகாப்பு, மீனுக்கு விஷம். செவுளை அரித்துவிடும்.

குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து, மூடாமல் ஒரு நாள் வைத்து, காற்று பம்ப் ஓடவிட்டால் சாதாரண குளோரின் போய்விடும். அவசரம் என்றால் மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தை, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி விடலாம்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் நம்ம ஊரில் பல இடங்களில் அது உப்பும் கடினத்தன்மையும் கூடிய தண்ணீர். தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் நிலத்தடி நீர் கெட்டுப்போன கதையும் ஊருக்கே தெரியும். அதனால் எந்தத் தண்ணீரை ஊற்றப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ற மீனைத்தான் வாங்கணும். மீனை வாங்கிவிட்டுத் தண்ணீர் தேடுவது தலைகீழ் வேலை.

எந்த மீன் தாங்கும்?

கப்பி, மோலி, பிளாட்டி, சோர்ட் டெயில் ஆகிய நான்கும் கடினத் தண்ணீரைத் தாங்கும். சொல்லப்போனால் அதில்தான் நன்றாக இருக்கும். குட்டி போடும் வகை என்பதால் பிள்ளைகளுக்கும் பார்க்க வேடிக்கை. ஆனால் சீக்கிரம் பெருகிவிடும். குட்டிகளை யார் எடுத்துக்கொள்வது என்று முன்கூட்டியே பேசிவிடணும்.

தங்க மீன் பார்க்க அழகு. ஆனால் அது குளிர்ந்த தண்ணீர் மீன். கழிவும் அதிகம் போடும். சித்திரை வெயிலில் சின்னத் தொட்டியில் அது படும் பாடு கொஞ்சம் இல்லை. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விடுவது அதைவிட மோசம்.

பாசியைத் தின்னும் என்று கடையில் கொடுக்கும் சக்கர் மீன், கடையில் இருக்கும்போது விரல் நீளம்தான். வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும். இல்லத்துத் தொட்டிக்கு அது சரிப்படாது. குட்டி ஆமையும் வேண்டாம். அதன் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். சின்னப் பிள்ளைகள் தொட்டு விளையாடினால் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரும்.

புதுத் தொட்டியில் மீன் சாவது ஏன்?

பலருக்கும் புரியாத விஷயம் இதுதான். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், மீன் மட்டும் சாகும்.

மீனின் கழிவில் இருந்தும், தின்னாமல் விட்ட தீவனத்தில் இருந்தும் அம்மோனியா உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த விஷத்தை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். அது ஓரளவு வரை ஆபத்து இல்லை. வாரா வாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும்.

இந்த நல்ல பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும், அடியில் போடும் கல்லிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். இன்று தொட்டி, இன்றே 30 மீன் என்று விட்டால் அந்தப் பாக்டீரியா வளர்வதற்குள் மீன் கதை முடிந்துவிடும்.

மீன் வளர்ப்போர் குழுவுக்கு உள்ள பலமே இங்கேதான். தங்கள் வீட்டில் பல மாதமாக ஓடும் தொட்டியின் பழைய ஃபில்டர் பஞ்சைக் கொண்டுபோய்ப் புதுத் தொட்டியில் போட்டால், பாக்டீரியாவும் கூடவே குடிபோகும். காத்திருக்கும் காலம் நன்றாகக் குறையும். காசு இருந்தால் தொட்டியை யாரும் வாங்கிக் கொடுத்துவிடலாம். அந்த அழுக்குப் பஞ்சு கடையில் கிடைக்காது. பஞ்சு போட்ட பிறகும் முதலில் 4, 5 மீன் மட்டும் விட்டு, அவை நன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பிறகு கூட்டணும்.

எடை தெரியுமா?

3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 127 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது தண்ணீர் மட்டுமே 127 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் 150 கிலோவைத் தாண்டும். இதைப் பழைய மர மேஜை மேல் வைத்து, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை ஏறினால் என்ன ஆகும் என்று யோசிக்கணும்.

இரும்பு ஸ்டாண்ட், சமதளம், சுவரோடு சேர்த்துக் கட்டுவது, மேலே மூடி. இந்த நான்கும் இல்லாமல் குழந்தைகள் இருக்கும் இடத்தில் தொட்டி வைக்கக் கூடாது. ஜன்னல் வெயில் நேராக அடிக்கும் இடமும் ஆகாது. தண்ணீர் சூடாகும், பாசி பிடிக்கும்.

வயர் விஷயத்திலும் கவனம் தேவை. வயர் நேராக பிளக்குக்குப் போகாமல், கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏறணும். அப்போதுதான் வயர் வழியாக வரும் தண்ணீர் பிளக்கில் இறங்காமல் கீழே சொட்டும். கையை விடுவதற்கு முன் சுவிட்சை அணைப்பது கட்டாயம்.

கரண்ட் போனால்?

மின்வாரியப் பராமரிப்புப் பணி என்றால் காலையில் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். கோடையில் இது ஆபத்து. தண்ணீர் சூடாக ஆக அதில் தங்கும் ஆக்சிஜன் குறையும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

பேட்டரியில் ஓடும் சின்ன காற்று பம்ப் ஒன்றைத் தொட்டியோடு சேர்த்தே கொடுத்துவிடணும். அது இல்லாவிட்டால், ஒரு மக்கால் தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத்தில் இருந்து அடிக்கடி ஊற்றலாம். கரண்ட் இல்லாத நேரத்தில் தீவனம் போடக் கூடாது.

செலவு யார் தலையில்?

15 வாட் ஃபில்டர் இரவு பகலாக ஓடினால் மாதம் சுமார் 11 யூனிட். 10 வாட் விளக்கு தினம் 8 மணி நேரம் எரிந்தால் இரண்டரை யூனிட். இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 27 யூனிட் கூடும். இதோடு தீவனம், பஞ்சு, மருந்து. அரிசிக்கும் பருப்புக்கும் கணக்குப் பார்க்கும் இல்லத்துக்கு இது கூடுதல் சுமைதான்.

அதனால் தொட்டி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை ஒரு வருடப் பராமரிப்புக்கு ஒதுக்குவது நல்லது. குழுவில் ஆள் மாற்றி ஆள், வாரத்தில் ஒரு நாள் போய் கால்வாசித் தண்ணீரை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஃபில்டர் பஞ்சைக் குழாயில் கழுவினால் பாக்டீரியா செத்துவிடும். எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசணும்.

தீவனத்துக்கு ஒரு எளிய வழி உண்டு. வருகிறவர் போகிறவர் எல்லாம் ஒரு பிடி போட்டால் தண்ணீர் கெடும். தினம் ஒன்று என்று ஏழு சின்னப் பொட்டலம் கட்டி, இல்லத்தில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் சரி. அந்தப் பொறுப்பை ஒரு தாத்தாவிடமோ, கொஞ்சம் பெரிய பிள்ளையிடமோ கொடுத்தால் அவர்களுக்கும் நாளைக்கு ஒரு வேலை இருக்கும்.

போட்டோ ஜாக்கிரதை

காப்பகத்துப் பிள்ளைகளோடு நின்று போட்டோ எடுத்துப் பேப்பருக்கும் வாட்ஸ் அப்புக்கும் அனுப்புவது பலர் வழக்கம். 2015ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 74வது பிரிவு இதைத் தடுக்கிறது. பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், படம் உள்ளிட்ட அடையாளத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. தொட்டியை மட்டும் படம் எடுத்தால் வம்பு இல்லை.

வரி விஷயமும் ஒன்று உண்டு. வரிச் சலுகை பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான். பொருளாகக் கொடுக்கும் தொட்டிக்குக் கிடையாது.

குளத்தில் விடாதீங்க

வளர்க்க முடியவில்லை என்றால் மீனைக் கோபாலசமுத்திரம் குளத்திலோ குடகனாற்றிலோ கொண்டுபோய் விடக் கூடாது. தென் அமெரிக்காவில் இருந்து வந்த சக்கர் மீன், இப்படி விடப்பட்டுத்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகியது. மீனவர் வலையைக் கிழிப்பதும் அதுதான். குழுவே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று முதல் நாளே சொல்லிவிடணும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், தொட்டி வேண்டுமா என்று இல்லத்தில் கேட்கணும். ஆள் இல்லை, இடம் இல்லை, வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அந்தப் பணத்துக்கு அவர்களுக்கு என்ன தேவையோ அதை வாங்கிக் கொடுத்துவிட்டு வரலாம். சரி என்று சொன்னால், தொட்டியோடு சேர்த்து அடுத்த ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.