கரிசல் காற்றும் வாழைக் கன்றும்



கோவில்பட்டியைச் சுற்றி எந்தத் திசையில் நடந்தாலும் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடுதான். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து விளையும் மானாவாரி பூமி. 1901-ஆம் ஆண்டிலேயே இங்கு ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஆனால் இதே தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிப் பாசனமுள்ள ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் போனால் வாழைத் தோட்டங்களைக் காணலாம். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? "தண்ணீர்" என்பீர்கள். சரிதான், ஆனால் அது பாதி விடை. மறு பாதி காற்றில் இருக்கிறது.

இப்போது நாற்றுப் பண்ணைகளில் ஜி-9 என்னும் வாழைக் கன்றைச் சிறு பாலிதீன் பைகளில் விற்கிறார்கள். ஆசையோடு வாங்கி வந்து முற்றத்தில் வைக்கிறோம். ஒரு வாரத்தில் இலையோரம் கருகுகிறது. பிறகு கன்றே சாய்ந்துவிடுகிறது. தண்ணீர் ஊற்றியும் ஏன் இப்படி?

இந்தக் கன்று பிறந்த இடத்தைப் பாருங்கள். தாவரத்தின் தனிச் செல்லையும் வளர்க்க முடியும் என்ற கருத்தை ஜெர்மானிய மொழி பேசிய அறிஞர் ஹேபர்லாண்ட் 1902-இல் வெளியிட்டார். அந்த வழியில் வளர்ந்ததுதான் திசு வளர்ப்பு முறை. வாழைக் கிழங்கின் குருத்து நுனியை வெட்டி, சத்துக்கள் கலந்த கூழில் வைத்து, மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் வளர்க்கிறார்கள். புட்டிக்குள் காற்று எப்போதும் ஈரம் நிறைந்திருக்கும். அங்கே கன்று நீரைச் சேமிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே இலையின் மேலுள்ள மெழுகுப் படலம் மெலிந்திருக்கும். இலைத்துளைகளும் சரியாக மூடிக்கொள்ளப் பழகியிருக்காது. பண்ணையில் சில வாரம் நிழலில் வைத்துப் பழக்கித்தான் விற்பார்கள். ஆனாலும் கரிசல் காட்டுக் கோடைக் காற்று அதற்குப் புதிது.

ஒரு சிறு கணக்குப் போடுவோமா? 35 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 40 கிராம் நீராவியைத் தாங்கும். ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காடு என்றால், அதில் இருப்பது 16 கிராம். மீதி 24 கிராமுக்கு இடம் காலி. அந்தக் காலியிடம்தான் காற்றின் தாகம். 30 டிகிரியில் காற்று தாங்குவது சுமார் 30 கிராம். அங்கே ஈரப்பதம் 90 விழுக்காடாக இருந்தால் காலியிடம் 3 கிராம்தான். தாகம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! இலை இழக்கும் நீரும் ஏறக்குறைய அதே அளவில் குறையும். வேர் உறிஞ்சும் நீரைவிட இலை இழக்கும் நீர் மிகுந்தால், மண் ஈரமாக இருந்தாலும் கன்று வாடும்.

எனவே கன்றுக்கு நாம் செய்ய வேண்டியது, தாகம் குறைந்த காற்றைத் தருவது. தொட்டியின் ஓரத்தில் நான்கு மூங்கில் குச்சிகளை நட்டு, மேலே கண்ணாடி போன்ற பாலிதீன் பையைக் கவிழ்த்துவிடுங்கள். கன்று விடும் நீராவி உள்ளேயே தங்கும். வீட்டுக்குள், வெளிச்சமான சன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். நேர் வெயில் மட்டும் படக்கூடாது. பட்டால் பைக்குள் வெப்பம் ஏறிக் கன்று வெந்துவிடும். மின்விசிறியின் கீழும் வேண்டாம். இலையை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விசிறி அடித்துச் சென்றுவிடும். கொடியில் துணி சீக்கிரம் உலர்வதும் இதனால்தான்.

இந்த உபாயம் புதிதன்று. இங்கிலாந்தில் கேவண்டிஷ் என்ற பிரபுக் குடும்பத்தின் மாளிகையில், ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்ட நிபுணர் கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்த வாழை 1835-இல் பூத்தது. அதன் கன்றுகள் கண்ணாடிப் பெட்டியில் கடல் கடந்து சமோவாத் தீவுக்குச் சென்றன. நமது ஜி-9 அந்தக் கேவண்டிஷ் இனத்தைச் சேர்ந்ததே!

அடுத்து மண். கரிசல் நல்ல மண்தானே, அதையே தொட்டியில் நிரப்பலாமா? கூடாது. கரிசல் நனைந்தால் உப்பும். காற்று செல்லும் சந்துகள் அடைபடும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். ஆகவே நீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறி அழுகும். காய்ந்தாலோ கரிசல் வெடித்து இளம் வேரை அறுக்கும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் இடுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் நீர் ஊற்ற வேண்டாம்.

முதல் வாரம் நாளுக்குப் பத்து நிமிடம் மட்டும் பையைத் திறந்து மூடுங்கள். இரண்டாம் வாரம் பையில் பென்சில் அளவுத் துளைகள் போடுங்கள். மூன்றாம் வாரம் மேற்புறத்தைத் திறந்துவிடுங்கள். நான்காம் வாரம் பையை எடுத்துவிட்டு வெளியே மர நிழலில் வையுங்கள். பிறகு காலை வெயிலைச் சிறிது சிறிதாகக் காட்டுங்கள். புதிதாக விரியும் இலை தடித்த மெழுகோடு வரும். வெயிலைத் தாங்கப்போவது அதுதான்.

வீட்டுக்குள் வாழை நிலைத்துக் காய்க்காது. வீடு அதற்குத் தொட்டில் மட்டுமே. பழகிய கன்றைக் கொல்லைப்புறத்தில், பாத்திரம் அலசிய நீர் ஓடும் வாய்க்கால் ஓரம் நடுங்கள். தண்ணீர் அருமையான ஊரில், வீணாகும் நீர் ஒரு குலையாக மாறும்.

உங்கள் ஊர்க் காற்றின் தாகத்தை நீங்களே அளக்கலாம். இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்றாட வையுங்கள். உலர்ந்தது 35, ஈரமானது 24 டிகிரி காட்டினால் ஒப்பு ஈரப்பதம் சுமார் 40 விழுக்காடு. வேறுபாடு பெரிதானால் தாகமும் பெரிது. பைக்குள்ளும் வெளியிலும் அளந்து, நாள்தோறும் குறித்து வாருங்கள். பையை எப்போது எடுக்கலாம் என்பதை அந்தக் குறிப்பேடே உங்களுக்குச் சொல்லும்.